ஊற்றிய கை, சொன்ன வாய்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் முதற்பூசை முடிந்து வெளியே வருகிற சனத்தின் பசி பொல்லாத பசி. நடுச்சாமம் தொடங்கி நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருந்தாலும் நற்கருணை வாங்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆகவே கண்ணைத் தாழ்த்திக் கையைக் கூப்பிக்கொண்டு வருகிறவர்கள், வாசற்படியைத் தாண்டினதும் அப்பச்சட்டி சுடுகிற பக்கம்தான் திரும்புவார்கள். அப்படித் திரும்புகிறவர்களை நம்பித்தான் பிரகாசி பிழைத்தாள். முந்தின நாள் காலையிலேயே அரிசி ஊறப்போட்டு, இடித்து, கள்ளு விட்டுப் பிசைந்து மூடிவைப்பாள். விடிய எழும்பித் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுக் கரைப்பாள். முதற்பூசைக்குத் தானும் போய், கடைசி ஆசீர்வாதம் கிடைத்த கையோடு ஓடிவந்து, கோயில் மதிலோரத்து ஒழுங்கையில் அடுப்பை மூட்டிவிடுவாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கரைத்த மாவில் உப்புச் சரியா என்று பார்க்க வேண்டும்; பார்த்தால் உபவாசம் முறிந்துவிடும். அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தவள் பக்கத்து வீட்டு ஜவாஹிறா. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இழுத்துக் கட்டின வீடுகள். இரண்டு குசினிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். விடியற்காலைச் சுபஹு தொழுகைக்கு எழும்புகிற ஜவாஹிறா பின்கதவால் வந்து உள்ளங்கையை நீட்டுவாள். பிரகாசி ஒரு சொட்டு மாவை விடுவாள். ஜவாஹிறா நக்கிப் பார்த்து, "கொஞ்சம் போடு" என்றோ, "போதும்" என்றோ சொல்லிவிட்டுப் போவாள். நோன்பு மாதத்தில்கூட, விடியுமுன் உண்கிற சஹர் முடிவதற்குள் வந்துவிடுவாள். மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்று கூப்பிடுவது முஸ்லிம்களான சோனகருடைய வழக்கம். பிரகாசியும் அவளைத் தாத்தா என்றே கூப்பிட்டாள். கத்தோலிக்கச்சியின் அப்பத்துக்குச் சோனகத்தி நாக்கு என்று ஒழுங்கையில் பகிடி பண்ணுவார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பிரகாசியின் புருஷன் பேதுருவுக்குத் துறைமுகத்தில் வேலை. ரங்கூன் அரிசி வந்தால் அரிசி, கரி வந்தால் கரி. மூட்டை இறக்குகிற மனிதனுக்கு முதுகு கேட்கும், தொண்டையும் கேட்கும். சம்பளநாளில் சாராயத் தவறணையைக் கடந்து வீட்டுக்கு வர அவனுக்குப் பாதை தெரியாது. அடிக்கிற ஆளில்லை, குடித்தால் அழுகிற ஆள். கலியாணம் முடித்து நெடுங்காலம் பிள்ளையில்லை என்று, ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுவான்.

அப்படியிருக்க ஒரு வருடம் வயிறு திறந்தது. பேதுரு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான், மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தான். ஆனால் பிள்ளை மாதம் முடியும்வரை பொறுக்கவில்லை. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்தின ஆகமன காலம், பீடத்தில் ஊதாத் துணி தொங்குகிற நாட்கள். அவளுடைய பெயருக்குரிய புனிதை பிரகாசியம்மாளின் திருநாள் கழிந்த கிழமையில் ஒரு பகல், அரிசி இடித்துக்கொண்டு நின்றவளுக்கு இடுப்பில் வெட்டியது. உலக்கை விழுந்த சத்தம் கேட்டு ஜவாஹிறா ஓடிவந்தாள். மருத்துவிச்சியைக் கூட்டிவர ஆள் போனது. மருத்துவிச்சி வருமுன் பிள்ளை வந்துவிட்டது.

ஆண்பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற பிள்ளை. கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடியது, அழவில்லை. நிறம் மாறிக்கொண்டே வந்தது. பிரகாசிக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. ஞானஸ்நானமில்லாமல் போனால் பிள்ளைக்கு மோட்சமில்லை; சுவாமியாரைக் கூட்டிவரக் கோயில் ஒரு கூப்பிடு தூரம்தான், ஆனால் பிள்ளைக்கு அவ்வளவு நேரமில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

"தாத்தா, தண்ணி ஊத்தவேணும். தலையில ஊத்திக்கொண்டு நான் சொல்லித் தாறதச் சொல்லுங்கோ" என்றாள் பிரகாசி.

ஜவாஹிறா தகரப் பேணியில் தண்ணீர் எடுத்தாள். பிரகாசி சொல்லிக்கொடுத்த சொற்களைக் கேட்டதும் அவளுடைய முகம் வெளுத்தது. பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று மூன்று பெயரைச் சொல்ல அவளுடைய வாய்க்கு முடியாது. அவளுக்கு அது பாவத்திலும் பெரிய பாவம். நிற்கவும் நேரமில்லை, தர்க்கம் பண்ணவும் நேரமில்லை.

"தண்ணிய நான் ஊத்துறன் புள்ள. ஓதுறத நீ ஓது" என்றாள் ஜவாஹிறா.

அப்படியே செய்தார்கள். பாயில் கிடந்தபடி பிரகாசி சொன்னாள்: சந்தியாகு, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவினுடைய நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். ஜவாஹிறா மூன்று தரம் ஊற்றினாள். துடைக்கும்போது பிள்ளை மூச்சை விட்டது. கோயிலில் மத்தியானத் திரிகால மணி அடித்துக்கொண்டிருந்தது.

அரிசித் தூசியோடு ஓடிவந்த பேதுரு கேட்ட முதற் கேள்வி, தண்ணீர் ஊற்றியாயிற்றா என்பதுதான். ஊற்றியாயிற்று, பெயர் சந்தியாகு என்று பிரகாசி சொன்னாள். சந்தியாகு அவனுடைய தகப்பன் பெயர். பேதுரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்கட பிள்ளை சம்மனசு" என்றான். தேவதூதனைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஞானஸ்நானம் கொடுத்தது ஆர் என்று சுவாமியாரும் பேதுருவிடம்தான் விசாரித்தார். தாயே கொடுத்தாள் என்று அவன் சொன்னான். அவன் அறிந்தது அவ்வளவுதான். வெள்ளைப் பெட்டி, வெள்ளைப் பூ. துக்கமணி இல்லை, சம்மனசுக்கு அடிக்கிற மாதிரிக் கலகலவென்று அடித்தார்கள். சபைப் பெண்கள் வந்து, மோட்சத்துக்குப் பிள்ளை கொடுத்த வீட்டில் அழக்கூடாது என்று பிரகாசியைத் தேற்றினார்கள். நத்தாருக்குக் குடில் கட்டினபோது, குடிலுக்கு மேல் நூலில் தொங்கின களிமண் சம்மனசைப் பேதுரு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தபோது இது எங்கட மகன்தான் என்று பிரகாசியின் காதில் சொன்னான். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. பால் கட்டி நெஞ்சு நொந்த நாட்களிலும் அந்த நினைப்பில் அவள் தாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பேதுரு தவறணைப் பக்கம் போகவில்லை. ஞாயிறுதோறும் பிள்ளையைப் புதைத்த சேமக்காலைக்குப் போய்ச் சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மகனோடு கதைப்பான். தை மாதத்தில் ஒரு நாள், கப்பலிலிருந்து இறக்கின சுமைக் கயிறு அறுந்து மூட்டைகள் கொட்டுண்டன. இவன் நின்ற இடத்தில்தான் கொட்டுண்டன. அதற்கு ஒரு கணம் முந்தி, காரணமில்லாமல் இவன் விலகி நின்றிருந்தான். மகன்தான் தள்ளிவிட்டவன் என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னான். அந்த நாளிலிருந்து அவனுடைய உயிரும் ஒழுக்கமும் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தன.

விபூதிப் புதன் வந்தது. போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டார்கள். தபசு காலத்தில் இறைச்சியில்லை. அப்பத்துக்கு மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் மட்டும்தான். வெயிலோ தாரை உருக்குகிற வெயில். அந்த நாட்களில் பெண்களுக்கு மட்டும் மூன்று பின்னேரம் தியானப் பிரசங்கம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சுவாமியார் வந்திருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். பிள்ளை பெறுகிற வீடுகளில் ஆபத்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்றார். ஆர் கொடுத்தாலும் செல்லும் என்றார். சைவக்காரர் கொடுத்தாலும் சோனகர் கொடுத்தாலும், திருச்சபை செய்கிறதைச் செய்கிறேன் என்கிற மனம் இருந்தால் செல்லும். பிரகாசி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர் விரலை உயர்த்தினார். "ஆனால் ஊற்றுகிற கையும் சொல்லுகிற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும். ஒருத்தி ஊற்ற இன்னொருத்தி சொன்னால் அது ஞானஸ்நானமல்ல. வெறுமனே பிள்ளையைக் குளிப்பாட்டினதுதான்" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். பிரகாசிக்கு முன்னாலிருந்த வாங்குப்பலகை தெரியவில்லை, பீடம் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள் எழும்பு என்று தொட்டபோதுதான் எல்லாரும் முழந்தாளில் நிற்பது தெரிந்தது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின பெரிய கிழமையில், பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். உள்ளே இருந்தவர் பங்குச் சுவாமியார். வெள்ளைக்காரர், தமிழ் படித்தவர், நல்லவர். ஊற்றினது ஆர், சொன்னது ஆர் என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டாம் தரம் கேட்டதிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. ஞானஸ்நானமில்லாமல் போன குழந்தைகளுக்கு நெருப்பில்லை, நோவில்லை, அழுகையில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவர்கள் இருக்கிற இடத்துக்கு லிம்போ என்று லத்தீனில் ஒரு பெயர். ஆண்டவருடைய முகத்தை மட்டும் காணமாட்டார்கள், அவ்வளவுதான் என்றார்.

"நான் மோட்சத்துக்குப் போனால் அவனைக் காணமாட்டனோ சாமி?"

"மோட்சத்தில் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது மகளே."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அங்கே போனால் பிள்ளை இல்லாத குறையே தெரியாது என்றால், பிள்ளையை மறந்துவிடுவேன் என்றுதானே பொருள் என்று பிரகாசி எண்ணினாள். நரகத்துக்குப் போனாலும் அவன் அங்கே இல்லை. அவள் எந்தப் பக்கம் செத்தாலும் அவன் இருக்கிற இடத்துக்கு வழி கிடையாது. புருஷனுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அவன் கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை என்றார் சுவாமியார். பேதுரு எப்படிக் கேட்பான்? கேட்பதற்கு அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லையே.

பெரிய வெள்ளியன்று மணிகள் ஊமையாக இருந்தன. மரக்கட்டையைத் தட்டிச் சனத்தைக் கூப்பிட்டார்கள். சிலுவையிலிருந்து இறக்கின சுரூபத்தை வியாகுல மாதாவின் மடியில் வைத்தபோது பெண்கள் ஓவென்று அழுதார்கள். பிரகாசிக்கு அழுகை வரவில்லை. உன் மகன் உனக்கு மூன்றாம் நாள் திரும்பக் கிடைத்தானே என்று மாதாவைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள். சொன்னபிறகு பயந்துபோனாள். அது சாவான பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. மனஸ்தாபப்பட முயன்றாள், மனம் இடங்கொடுக்கவில்லை. மனஸ்தாபமில்லாமல் நற்கருணை வாங்கினால் அது இன்னொரு பாவம்.

ஆகையால் உயிர்த்த ஞாயிறு விடிய, மாவைக் கரைத்து, விரலில் தொட்டு, தானே உப்புப் பார்த்தாள். உபவாசம் முறிந்தது. ஏன் நற்கருணைக்கு எழும்பவில்லை என்று பேதுரு கேட்டபோது, "உப்புப் பார்த்திட்டன்" என்றாள். அது பொய்யில்லை. அடுத்த ஞாயிறும் அதுதான் விடை. பின்கதவு சாத்தியே கிடந்தது. ஜவாஹிறா இரண்டு மூன்று விடியல் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நாக்கைக் கொடுத்தவளின் முகத்தைப் பார்க்கப் பிரகாசியால் முடியவில்லை. பார்த்தால் அந்தப் பேணியும் அந்தக் கையும்தான் கண்ணுக்கு வந்தன. அவளில் பிழையில்லை என்று புத்திக்குத் தெரியும். வயிறு புத்தியைக் கேட்பதில்லை.

மே மாதம் மாதாவுக்குப் பூ வைத்து முடிந்தது. ஆனியில் அந்தோனியார் திருநாள். ஒழுங்கையெல்லாம் வண்ணக் கடதாசி தோரணம், கச்சான் கடை, வளையல் கடை. சைவரும் சிங்களவரும் சோனகரும் என்று ஊர்ப்பட்ட சனம் கொச்சிக்கடைக்குப் போனது. கூட்டத்தோடு பேதுருவும் சுரூபத்துக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டான். அந்தப் பகலில் ஜவாஹிறா முன்வாசலால் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம். அவளுடைய புருஷன் ஸாலிஹுக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. வியாபாரம் நல்லது என்பதால் செய்தேன் என்று முதலில் சொன்னாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

"என்னோட என்ன கோவம் புள்ள? நான் ஒனக்கு என்ன செஞ்ச? செல்லு, கேக்கிறதுக்குத்தான் வந்த."

"கோவமில்லைத் தாத்தா."

"கதவச் சாத்திட்டுக் கோவமில்ல எண்டு செல்றியா? இவ்வளவு காலமா எண்ட நாக்குல உப்புப் பாத்தவ நீ."

பிரகாசி சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சுமந்து சுமந்து அவளும் களைத்துப்போயிருந்தாள். சுவாமியார் சொன்னதை ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஜவாஹிறா முந்தானையைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்.

"அப்ப நான் ஊத்தினதாலயா?" என்றாள் கடைசியில்.

"நீங்கள் ஊத்தினதால இல்லை. நீங்களே ஊத்தி நீங்களே சொல்லியிருந்தால் செல்லுமாம். ஆர் சொன்னாலும் செல்லுமாம்."

"நான் செல்லியிருந்தா?"

"ஓம்."

ஜவாஹிறா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்புடி செல்ற? ஆண்டவன் ஒருத்தன்தான் எண்டு செல்ற வாய் புள்ள இது. செல்லேலாப் போச்சே. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த." பிறகு கேட்டாள்: "ரெண்டு பேரும் சேந்துதானே செஞ்ச. அதைப் படைச்சவன் பாத்துக்கிட்டுத்தானே இருந்தான். ஒங்கட ஆண்டவன் அவ்வளவு கணக்குப் பாக்கிறவனா?"

"கணக்கு ஆண்டவருடையதோ சாமிமாருடையதோ எனக்குத் தெரியாது தாத்தா. நான் படிச்சது இந்தக் கணக்குத்தான்."

"எனக்கும் ரெண்டு புள்ள மௌத்தாகிப் போன. எங்கட மார்க்கத்தில சின்னப் புள்ளைகள் எல்லாம் சுவர்க்கத்திலதான் ஈக்கிற. யார்ர புள்ளையா இருந்தாலும்தான். வாசல்ல நிண்டு உம்மாட கையப் புடிச்சி உள்ளுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். ஒண்ட சந்தியாகுவும் அங்கதான் ஈக்கிற."

அதை நம்ப முடிந்தால் பிரகாசி தன் இரண்டு கண்ணையும் கொடுத்திருப்பாள். ஆனால் நம்பிக்கை அயல்வீட்டில் இரவல் வாங்குகிற சுளகா, அரிவாளா? "அது உங்கட பிள்ளையளுக்கு, தாத்தா" என்றாள். ஜவாஹிறா எழும்பினாள். பேதுருவுக்குத் தெரியுமா என்று வாசலில் நின்று கேட்டாள். தெரியாது, தெரிந்தால் அந்த மனிதன் குடித்தே செத்துப்போவான் என்று பிரகாசி சொன்னாள். "எண்ட வாயால வராது" என்று சொல்லிவிட்டு ஜவாஹிறா போனாள். அவள் போனபிறகுதான் பலகைக்கு அப்பால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவள் பெற்ற இரண்டும் போனபோதுகூட அப்படி அழுததைப் பிரகாசி கேட்டதில்லை.

அடுத்த நாள் விடிய பின்கதவு தட்டப்பட்டது. பிரகாசி திறந்தாள். நீட்டின உள்ளங்கையில் ஒரு சொட்டு மாவை விட்டாள். "போதும்" என்றாள் ஜவாஹிறா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் போனதும் பிரகாசி தானும் மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மாதம் மழையோடு வந்தது. செபமாலை மாதம், இரவுதோறும் பேதுரு வீட்டில் செபம் சொல்வித்தான். முடிவில் பிரார்த்தனையில் புனிதர்களான அர்ச்சியசிஷ்டர்களின் பெயர்களுக்குக் கடைசியில் சந்தியாகுவின் பெயரையும் சேர்த்துக்கொள்வான். பிரகாசி பதில் சொல்லுகிற இடத்தில் இருமுவாள், அல்லது அடுப்பைப் பார்க்க எழும்புவாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சகல ஆத்துமாக்கள் திருநாளன்று பின்னேரம் சேமக்காலைக்குப் போனார்கள். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சனம் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்திக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நின்றது. பேதுரு தாய்க்கும் தகப்பனுக்கும் கொளுத்தினான். மிச்சமிருந்த ஒரு திரியைப் பிரகாசி கையில் வைத்திருந்தாள். சின்னச் சிலுவையடியில் குனிந்தபோது அவன் தடுத்தான். அவனுக்கு எதுக்குத் திரி, அது மோட்சம் போகுமுன் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கல்லோ, இவனிடம் நாங்கள் கேட்கவேணும், இவனுக்காகக் கேட்கத் தேவையில்லை என்றான். பூவை மட்டும் வைத்தான். பிறகு தெரிந்த ஒருவரோடு கதைக்கத் திரும்பினான்.

சேமக்காலையின் பின்மதிலுக்கு அருகே சுவாமியார் மந்திரிக்காத மண் ஒரு துண்டு இருந்தது. சிலுவையில்லை, பெயரில்லை. தொட்டாற்சுருங்கியும் காட்டுப்புல்லும் மூடிய சின்னச் சின்ன மேடுகள். ஞானஸ்நானமில்லாமல் போன பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் திரி வைப்பதில்லை. பிரகாசி அங்கே போனாள். முள் குத்தக் குத்தப் புல்லை விலக்கி, ஒரு மேட்டில் திரியை ஊன்றிக் கொளுத்தினாள். இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் பிடித்தது. தன் மகனுடைய கூட்டாளிகள் இவர்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருத்தியின் பெயரும் தெரியாத அந்தத் தாய்மாரையும் நினைத்தாள்.

"அங்க எதுக்குப் பிரகாசி?" பேதுரு பின்னால் வந்து நின்றான். கோபமில்லை, அன்போடுதான் கேட்டான்.

"இஞ்ச ஆரும் வைக்கேல்லை."

"வச்சும் பிரயோசனமில்லையே. தண்ணி படாமல் போன பிள்ளையள். மோட்சமுமில்லை, நரகமுமில்லை. எவ்வளவு மன்றாடினாலும் போய்ச் சேராது." அவன் தலையிலிருந்த துவாயை எடுத்து அவள் தலையில் போட்டான். "பாவங்கள். பெத்த தாய்மார் எப்பிடித்தான் இருக்கினமோ."

"இருக்கினம்" என்றாள் பிரகாசி.

எங்கட மகன் குடுத்து வச்சவன் என்று சொல்லி, அவளுடைய கையைப் பிடித்து, வழுக்குகிற மண்ணில் விழாமல் நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். சின்னச் சிலுவைக்கு முன்னால் ஈரத்தில் முழந்தாளிட்டான். அவளும் முழந்தாளிட்டாள். இங்கே இருமவும் முடியாது, பார்க்க அடுப்பும் இல்லை.

"மோட்சத்திலிருக்கிற எங்கள் மகன் சந்தியாகுவே" என்று சொல்லிவிட்டு, அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். மழைத்தண்ணீர் வழிகிற அவனுடைய முகத்தில் சாராயத்தின் வீக்கம் வற்றி, ஒரு பிள்ளையினுடைய தெளிவு இருந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் பிரகாசி.

வழக்கப்படி அவன் மூன்று தரம் சொன்னான். மூன்று தரமும் அவள் பதில் சொன்னாள்.